பிலோமினா மினுக்கிய கதிரை

9 பெப்ரவரி 1964, ஞாயிறு

பூசையில் சுவாமியார் அமரும், கடற்காற்றில் வெளுத்துப்போன கதிரையை மினுக்கித் தரச்சொல்லிக் கோயில் மூப்பர் என்னிடம்தான் தந்திருந்தார். நான் வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவன். நான் பூசிய வார்னிஷ் கோடுகோடாய் நின்றது. மனைவி பிலோமினா அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, துணிப்பந்தால் அரக்குப் பொலிஷைப் பூசிப் பூசித் தேய்த்தாள். தேக்கின் ரேகை பளிச்சென்று தெரிந்தது.

இன்று பூசை முடிந்ததும் மூப்பர் எல்லாருக்கும் முன்னால், “சூசை, உன்ரை கை நல்ல கை” என்றார். பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

“என்ரை கையில்லை, மூப்பர். இவவின்ரை கை.”

சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூப்பர் கதிரையை ஒருதரம் தடவினார். “அப்ப பீடத்து மேசையையும் இவவே செய்யட்டும்.”

வெளியே வந்ததும், “உங்களுக்கு வாய் சும்மா கிடக்காதோ?” என்று பிலோமினா ஏசினாள். ஆனால் வீட்டுக்கு நேர் ஒழுங்கையால் வராமல், சனம் நிற்கும் சந்தைப் பக்கத்தால் சுற்றித்தான் என்னைக் கூட்டிவந்தாள்.