பேர்குவிசிற்றும் களவெட்டி நெல்லும்

நிந்தவூர்
12.3.57

அன்பு மகன் ஷரிபுதீனுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், முழங்கால் வலி மட்டும் என்னை விட்டபாடில்லை. நீயும் மருமகள் நபீலாவும் பேரப்பிள்ளைகளும் கொழும்பில் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

தேயிலைக் கம்பனியில் தலைமைக் கிளாக்கர் ஆனதோடு வீடும் விறகும் சும்மா தருகிறார்கள், அதற்குப் பெயர் பேர்குவிசிற் என்று எழுதியிருந்தாய். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், அர்த்தம் கேட்டவர்களுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. கல்முனைச் சந்தையில் அருட்பிரகாசம் மாஸ்டரைக் கண்டு கேட்டேன். “ராத்தா, அது லத்தீன் பாசையில இருந்து வந்த சொல்லு, தேடி எடுத்தது எண்டு அர்த்தம். முந்தி சீமையில துரைமாருட வீட்டு வேலைக்காரர் எரிஞ்சு மிஞ்சின மெழுகுதிரித் துண்டையும் பழைய உடுப்பையும் எடுப்பாங்க. சம்பளத்துக்கு மேல அது அவங்கட உரிமை, ஆரும் களவெண்டு சொல்லமாட்டாங்க. உங்கட மகனுக்கு மெழுகுதிரித் துண்டில்ல, வீடே கிடைச்சிரிக்கி” என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே வந்து உன் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன், மறுபக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. காவல்காரன் குணம் ஸ்டோர் நிலத்தில் சிந்தியதைக் கூட்டி ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுபோகிறான், பழைய துரை காலத்திலிருந்தே அப்படியாம், புதுத் துரைக்கு எழுதிக் கொடுத்து அவனை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறேன் என்கிறாய். வீடு உனக்குப் பேர்குவிசிற், கூட்டிய தூள் அவனுக்குக் களவா மகன்?

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் வாப்பா பக்கீர் முகைதீன் நிலபுலமுள்ள ஒரு போடியாரின் வயலில் கூலிக்கு நிற்கும் முல்லைக்காரனாக வேலை செய்தவர். சூடடித்து நெல்லெல்லாம் அள்ளிய பிறகு சூடடித்த களமான களவெட்டியைக் கூட்டினால் மண்ணோடு வருகிற நெல் முல்லைக்காரனுக்கு, அதுதான் வழக்கம். என் உம்மா அதைப் புடைத்துக் கழுவி எடுப்பா, என் சிலேட்டும் சட்டையும் அந்த நெல்லில் வந்தவைதான். போடியார் மௌத்தாகி வயல் கைக்கு வந்ததும் அவர் மகன் அதைக் களவென்று நாலுபேர் முன்னால் சொல்லி வாப்பாவை விலக்கினான். அந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு, அதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. படிப்பு ஏறாமல் நின்றவள் அல்ல நான்.

அதனால் அந்தக் கடதாசியை எழுதாதே. துரை கேட்டால் இது பழைய வழக்கம் என்று இங்கிலீசில் சொல்லு, அதற்குத்தானே உன்னைப் படிக்கவைத்தேன். நோன்புக்கு, கொழும்புக்கு வரும் நம் ஊர் மசூரிடம் அரிசி கொடுத்து அனுப்புகிறேன், சின்ன மூட்டை குணம் வீட்டுக்கு, உன் கையாலேயே கொடு. பிள்ளைகளை வெயிலில் விடாதே. அல்லாஹ் உன் பதவியையும் மனதையும் ஒன்றுபோல உயர்த்தட்டும்.

ஐந்தாம் வகுப்பில் முதலாம் பிள்ளையாய் வந்த
உன் உம்மா
சல்மா உம்மா