ரஞ்சனி அப்பாவின் பெயர்

ரஞ்சனி அப்பாவுக்கு,

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இழப்பீட்டு விசாரணை. கோபப்படாமல் கேளுங்கள்.

மில்லிலிருந்து உங்களைத் தூக்கி வந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, ஊரில் உங்களைக் கூப்பிடுகிற 'துரை'யைச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன். இறப்புச் சான்றிதழிலும் அதுவே ஏறிவிட்டது. "துரைன்னு எங்க மில்லுல யாருமே வேலை பாக்கலையே" என்று ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறார்கள்.

தளவாய்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து உங்கள் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போனேன். அதிகாரி, "புருஷன் பேரு என்னம்மா?" என்றதும் கூட வந்திருந்த ரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு. நான் சொல்லுதேன்."

சொன்னேன். "சத்தமா" என்றார். மில் மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

அந்தப் பெயர் போட்ட உங்கள் மில் அடையாள அட்டையையும் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னை உங்களோடு அனுப்பிவைத்தாள். இனிமேல் குறைய என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
தங்கச்சாமியின் மனைவி