முன்வரிசை இடது ஓரம்

தம்பி,

இன்று காலை சங்கத்துக் காரியதரிசி சட்டம் போட்ட ஒரு படத்தை என் மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். கிள்ளானில் நாம் ஜெயித்த அன்று எடுத்த படம். ஒன்பது ஆட்டக்காரர்களும் ஆட்டம் பழக்கிய மாஸ்டரும். நடுவில் நீ, மடியில் கோப்பை. பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கோப்பையின் கைப்பிடி என் தாடையை மறைத்துவிட்டது. சட்டத்துக்குப் புதிதாகப் பூசிய வார்னிஷ் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை.

“அவரப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்கண்ணே. உங்களுக்குத்தானே அவரு ரொம்ப நெருக்கம். படத்துக்குக் கீழ மாட்டிடலாம்” என்றார்.

நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. இதைச் சுவரில் மாட்ட முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறுதான் எரிந்தது. செத்த பிறகும் நடுவில் உட்கார்ந்திருக்கிறானே என்று எரிந்தது.

நீ பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வருவதற்கு முன்னால் முன்வரிசை இடது ஓரம் என்னுடையது. வாலிபாலில் அதைவிடப் பெரிய இடம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர், ஒன்பது பேர் ஆட்டம். நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடி கடைசி வரை நிற்க வேண்டும். பின்வரிசைக்காரன் ஆட்டம் முடிகிறவரை பின்வரிசைக்காரன்தான், வலையைத் தொட்டுப் பார்க்கக்கூட வரமாட்டான். இடது ஓரத்துக்காரன் வலைக்கு மேலே எழும்பி அடிப்பான், ஊர் கைதட்டும். இரண்டு வருஷம் அந்தக் கைதட்டலில் நான் நன்றாகக் குளிர் காய்ந்தேன்.

அப்போதுதான் இன்ஜின் ஷெட்டுக்கு, அடுப்பில் கரி அள்ளிப் போடும் புதுப் பயர்மேனாக நீ வந்து சேர்ந்தாய். கிள்ளானுக்கு அப்பால் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்துப் பையன். என்னைவிட அரைச்சாண் குட்டை. காதுக்குள் கரித்தூள். “அண்ணே, நானும் ஒரு கை போடலாமா?” என்று கேட்டாய். சேர்த்துக்கொண்டது நான்தான், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். மூன்றாவது பந்தில் நீ எழும்பினாய். உன் இடுப்பு வலையின் அடிக்கயிற்றைத் தாண்டியது. பந்து எதிர்ப்பக்கத்தில் விழுந்து, எகிறி, ரயில்வே குடியிருப்பின் வேலிக்கு அந்தப்புறம் போய் விழுந்தது. மாஸ்டர் வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மாஸ்டர் ரயில்வே ஆபீசில் படம் வரைகிற கிளார்க். எதையும் கோடு போட்டுத்தான் பேசுவார். கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் சுண்ணாம்பால் ஆடுகளம் வரைந்து, ஒன்பது சோடா மூடிகளை அடுக்கி வைத்திருப்பார். மூடிக்கு ஒரு ஆள். அடுத்த வாரமே என் மூடியை இடது ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் வைத்தார். உன் மூடியை இடது ஓரத்தில் வைத்தார்.

“நீ தூக்கிக் குடு. அவன் அடிக்கட்டும்” என்றார்.

“நான் ரெண்டு வருஷமா அடிக்கிறேன் மாஸ்டர்.”

“அதான் சொல்றேன். அடிக்கிறவனுக்கு எந்த உயரத்துல பந்து வேணும்னு உனக்குத்தான் தெரியும். தூக்கிக் குடுக்கிறவன் பேரு பத்திரிகையில வராதுதான். ஆனா அவன் இல்லேன்னா யார் பேருமே வராது லா.”

ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு முதல் பாதி மட்டும் கேட்டது.

என் கெட்ட காலம், அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. பின்வரிசையிலிருந்து பந்து எப்படி வந்தாலும், உன் கைக்கு எட்டும் இடத்தில், மரத்தில் மாங்காய் தொங்குகிற மாதிரி நிறுத்தி வைப்பேன். நீ அடிப்பாய். உன் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். கோப்பிக் கடைக்காரர் உன் கிளாசில் மட்டும் பாலைக் கூட ஊற்றுவார். நீ அந்தக் கிளாசை என் பக்கம் தள்ளி, “அண்ணே குடிங்க, உங்க பந்துதானே” என்பாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவனாக இருந்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நமக்குள் ஒரு சைகை வைத்திருந்தோம். பந்து என்னிடம் வருவதற்குள் நீ இடது காதைத் தொட்டால், இந்தப் பந்து உனக்கு வேண்டாம் என்று அர்த்தம். வலது ஓரத்துக்காரனுக்குத் தூக்கிவிடுவேன். மூச்சு வாங்கினாலோ கால் சறுக்கினாலோ தொடுவாய். எதிராளிக்குத் தெரியாது, மாஸ்டருக்கே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறினோம். துறைமுகத்து வாலிபர் அணியோடு கோப்பை ஆட்டம். நீ கூட்ஸ் வண்டியில் விடிய விடியக் கரி அள்ளிப் போட்டுவிட்டு, ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்தாய். வண்டி புறப்பட்டதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாய்.

“அண்ணே, வலது தோள் பிடிச்சிக்கிச்சி. மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க, வெளிய உட்கார வச்சிடுவாரு. அப்பா வேற தோட்டத்துல இருந்து ஆட்டம் பார்க்க வராரு. நீங்க கொஞ்சம் பார்த்துக் குடுங்க. எனக்கு ஒண்ணுன்னா அந்தப் பக்கம் ரெண்டு.”

“சரிடா, நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

அதைச் சொல்லும்போது மனதில் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

திடலில் நல்ல கூட்டம். உன் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு கயிற்றை ஒட்டி நின்றிருந்தார். முதல் ஆட்டத்தில் சொன்னபடியே நடந்தேன். உனக்கு ஒன்று, வலது ஓரத்துக்கு இரண்டு. தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தில் கிள்ளான் கூட்டம் முழுக்க உன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. எதிரணியின் ஆட்கள், தம்பி! அவர்கள் ஊர்ப் பையன் என்று உன்னைச் சொந்தம் கொண்டாடினார்கள். என் பேர் நம் ஆட்களுக்கே ஞாபகம் இல்லை.

அப்போது வந்தது அந்த நினைப்பு. உனக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன? கெட்ட பந்தாகக் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். நல்ல பந்தாகவே கொடுப்போம். தோள் எத்தனை தாங்கும்? உன் அப்பா பார்க்க, இந்தக் கூட்டம் பார்க்க, ஒரே ஒரு தடவை நீ பந்தை வலையில் அடித்தால் எனக்குப் போதும்.

கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் பந்து தூக்கியதில்லை. நீ அடித்தாய். மறுபடி கொடுத்தேன். நடுவில் காதைத் தொட்டாய். உனக்கே கொடுத்தேன். ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழும்பி அடித்தாய். இரண்டாவது ஆட்டம் நமக்கு. மூன்றாவதின் தொடக்கத்தில் இரண்டாம் முறை தொட்டாய். அப்போதும் உனக்கே கொடுத்தேன். வலது ஓரத்துக்காரன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றான்.

ஜெயிக்க நமக்கு இன்னும் ஒரு புள்ளி வேண்டியிருந்தது. பந்து என்னை நோக்கி வந்தது. நீ மூன்றாம் முறை காதைத் தொட்டாய். தொடக்கூட இல்லை, காதைப் பிடித்துக்கொண்டே நின்றாய். நான் தூக்கினேன். நீ எழும்பினாய். வலது கை மேலே வரவே இல்லை. இடது கையால் அடித்தாய். பந்து அவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது.

வேண்டுமென்றே வித்தை காட்டினாய் என்று கூட்டம் குதித்தது. உண்மை எனக்கு மட்டும் தெரியும். அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, பையனின் தோள் போயிற்றே என்றா? இல்லை. இடது கையாலும் வருகிறதே இவனுக்கு என்றுதான் தோன்றியது. படத்தில் நீ கோப்பையை இடது கையால் அணைத்திருப்பாய். வலது கை மடியில் கிடக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை.

மாஸ்டர் என் முதுகில் தட்டினார். “இன்னிக்கி நீதான்டா ஆட்டக்காரன். தன்னைப் பத்தி நினைக்காம அவனுக்கே குடுத்தே பாரு!” உன் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. பால்மரம் வெட்டிக் காய்த்துப் போன கை. “எம்மவனுக்கு எல்லாப் பந்தையும் நீங்கதான் குடுத்தீங்களாமே தம்பி, நல்லா இருக்கணும்” என்றார். தலையாட்டினேன். பந்து தூக்கிக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

அதன்பிறகு உன் தோள் சரியாகவே இல்லை. மண்வெட்டியைத் தூக்க முடியாதவனை இன்ஜினில் வைத்திருப்பார்களா? கை விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் துடைக்கிற அறைக்கு உன்னை மாற்றினார்கள். டிரைவர் ஆகியிருக்க வேண்டியவன் நீ. எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் சோடா மூடிகளை மறுபடி நகர்த்தினார். எனக்கு இடது ஓரம், உனக்குப் பின்வரிசை. கேட்டது கிடைத்துவிட்டது. நீ பின்வரிசையில் தரையோடு தரையாக விழுந்து ஒற்றைக் கையால் பந்தை எடுத்தாய், ஊர் அதற்கும் உன் பேரைச் சொல்லித்தான் கத்தியது. முன்னால் நின்ற எனக்கு அது முதுகில் கேட்டது.

விளக்கு அறையில் ஒரு நாள் நீ கேட்டாய். துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கி கிள்ளான்ல நான் காதைத் தொட்டேனே, பார்த்தீங்களா?”

“எப்படா? நான் பார்க்கலையே.”

நீ கண்ணாடியைக் கீழே வைத்தாய். உன் முகம் அப்படியே தெளிந்தது. இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அப்ப சரிண்ணே. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன். ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க.”

“போடா, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன். பெரிய மனது பண்ணி உன்னை மன்னித்தேன்! அன்றே கோப்பிக் கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ரொட்டி தின்றோம். நீ சிரித்துச் சிரித்துப் பேசினாய். அதன்பிறகு எத்தனையோ மாலைகள் அப்படிப் போயின. ஒவ்வொரு மாலையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ இத்தனை சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று எனக்கு நானே நல்லவனாகி வீட்டுக்குப் போனேன். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது வந்து பார்த்தேன். உனக்கு நினைவு இல்லை. அப்போதும் சொல்லவில்லை.

தோளையும் டிரைவர் வேலையையும் உன்னிடமிருந்து எடுத்தவன் நான். ஆனாலும் உன்னைப் பார்த்து எனக்கு இன்னும் பொறாமைதான். குற்றம் செய்தவனிடமே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரவு நன்றாகத் தூங்க உன்னால் முடிந்தது. உன்மேல் ஒரு தப்பும் இல்லாத ஒரு விஷயத்துக்கு நீ சொன்ன ‘மன்னிச்சிடுங்க’ என்ற அந்த ஒரு சொல்லை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்குரியவன் நான் இல்லை, திருப்பித் தரவும் நீ இல்லை.

பார்த்தேன் தம்பி. மூன்று தடவையும் பார்த்தேன்.