மாம்பழத்துக்கு மாவிலை மருந்தில்லை, அக்கா

என் அருமை அக்கா,

நீ இருக்கிற இடத்தில் மாம்பழம் உண்டா என்று விளையாட்டாகக் கேட்டு ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இப்போது இருக்கிற எரிச்சலில் அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

முதலில் சேதி. உன்னைக் கொண்டுபோன சர்க்கரை வியாதி எனக்கும் வந்துவிட்டது. பங்குனி வெயிலில் கிருஷ்ணகிரி சந்தைக்குப் போய்வந்தபோது புதுச் செருப்பு சுண்டுவிரலைக் கடித்தது. அரிசி அளவுப் புண். மஞ்சள் வைத்தேன், தேங்காய் எண்ணெய் வைத்தேன். புண் ஆறுவேனா என்றது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் குழாயையும் நான்தானே பார்த்தேன்.

"மாம்பழக் காலம் முடியறதுக்குள்ள இது காயணும் டீச்சர். காயலைன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். விரலோடு நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. உனக்கும் விரலில்தானே ஆரம்பித்தது?

ஆனால் நல்ல பெண் அக்கா அவர். மிரட்டவில்லை. "எல்லாத்தையும் இன்னிக்கே விடச் சொல்லலை. ஒண்ணு ஒண்ணா விடுங்க. ஒண்ணு பழகினப்புறம் அடுத்தது" என்றார். இது எனக்குப் புரிகிற பாஷை. ஒரு வகுப்பு முழுக்கக் கத்தும்போது மொத்தப் பேரையும் அதட்டினால் ஒருவரும் அடங்கமாட்டார்கள். முதல் பெஞ்சின் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்க வேண்டும். அது அடங்கியதும் அடுத்த பெஞ்சு. இத்தனை வருஷம் பிள்ளைகளிடம் செய்ததை என் வயிற்றிடம் செய்ய முடியாதா என்று தைரியமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

முதல் பெஞ்சு, சாயங்காலக் காபி. அதில் வெல்லம் கிடையாது என்று மருமகள் கிரேஸிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். நாலைந்து நாளில் வாயில் வைத்ததும் தித்தித்தது.

"என்னம்மா இது?"

"கொஞ்சூண்டுதான் அத்தை. முகமே செத்துப்போச்சு உங்களுக்கு. பாக்க முடியல."

"முகம் செத்தா பரவாயில்ல கிரேஸ். கால் சாகக் கூடாது."

அவள் அழுதுவிட்டாள். அன்போடு கெடுக்கிறவர்களை எப்படி அக்கா திட்டுவது? கெட்டவர்களாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அடுத்தது ராத்திரிச் சோறு. அதற்குப் பதில் எலுமிச்சை அளவு ராகிக் களியும் நிறைய கீரையும். நாம் சின்ன வயதில் தின்ற களிதான். ஆனால் நான் உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டு வேளையும் அரிசிச் சோறுதானே? பக்கத்து வீட்டு ரத்னம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏமி டீச்சரம்மா, பென்சன் நின்னுபோச்சா? களி கிண்டுற சத்தம் கேக்குது!" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "அடேயப்பா, ராஜாக்களுக்கு வர்ற வியாதி! நமக்கெல்லாம் கேட்டாலும் கிடைக்குமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகு, ஏன் சிரித்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

இன்னொன்று, சொல்லவே வெட்கம். எல்லாரும் சாப்பிட்டபிறகு பானையில் ஒட்டியிருப்பதை வழித்து வாயில் போடுகிற பழக்கம். வீணாகிறதே என்று. அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. வயிறு மட்டும் எப்படியோ கணக்கில் சேர்த்துக்கொள்கிறது! இப்போது பானையில் உடனே தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். ஊற்றும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்படித் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மாமா வந்தார்.

உன் வீட்டுக்காரரை எனக்கு நீ அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகரசம்பட்டித் தோப்பில் முதல் பழம் விழுந்தால் அது இந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். நீ போனபிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. கூடை நிறைய மல்கோவா. அதன் மேலே, நார் போட்டுக் கட்டிய மாங்கொழுந்து இலைக் கட்டு.

"கிரேஸ் எல்லாம் சொல்லிச்சு. பயப்படாதே. காலையில இந்த இலையைக் கொதிக்கவெச்சுக் குடி. சாயங்காலம் பழம் தின்னு. அதே மரத்து இலை, அதே மரத்துப் பழத்தைச் சரி பண்ணாதா?"

தோப்புக்காரர்கள் பாதிப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள் அக்கா. வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் சரியான கணக்கு ஒன்றைப் போட்டால், தப்பு தானாக அழிந்துவிடுமா? அழிய வேண்டியதை அழித்துத்தான் ஆக வேண்டும். இதையேதான் மாமாவிடம் பொறுமையாகச் சொன்னேன். பழம் வேண்டாம் என்றும் சொன்னேன்.

"உங்கக்காவுக்கு நான் அப்படித்தானே குடுத்தேன்?" என்றார்.

நான் இலைக் கட்டை எடுத்துக் கூடைமேலேயே திருப்பி வைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது. மனுஷன் முகம் மாறிவிட்டது.

"அப்ப நான் குடுத்துத்தான் அவ செத்தாளா? வாயைத் தொறந்து சொல்லு, டீச்சரம்மா!"

பாப்பா என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார். உனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு யார் மேல் ஆத்திரம் வந்தது தெரியுமா? உன் மேல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் நீ என்ன சொன்னாய்? "எனக்குப் பழம் பிடிக்குமா பிடிக்காதான்னே மறந்துபோச்சுடி பாப்பா. வேணாம்னா அவரு முகம் சுருங்கிப்போவுது, அதான் தின்னுடறேன்." ஏன் அக்கா? அவர் முகம் ஒரு நாள் சுருங்கினால் என்ன? இப்போது நிரந்தரமாகச் சுருங்கிக் கிடக்கிறதே, அதை யார் பார்க்கிறது?

நீ சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க ஆசையாத்தான் குடுத்தீங்க மாமா. வேணாம்னு சொல்ல அவளுக்கு வாய் வரல. எனக்கு வருது. என்னையாவது சொல்ல விடுங்க" என்றேன். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கக் கூடாதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நான் செய்ததைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். சமையல்கட்டில் நின்றபடியே ஒரு முழு மல்கோவாவைத் தின்றேன். ருசிக்காக இல்லை. அவரை அனுப்பிவிட்டேனே என்கிற வேதனையில். அந்த வாரம் புண் மறுபடி ஈரமானது. எல்லாம் போச்சு, இனிமேல் எதற்குப் பட்டினி என்று டாக்டரம்மாவிடம் கத்தினேன். அவர் கட்டைப் பிரித்துக்கொண்டே, "பழம் ஒண்ணு தின்னீங்க, சரி. அதுக்காகக் காபியில வெல்லத்தையும் திரும்பப் போட்டுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஒரு பெஞ்சு கத்துகிறது என்பதற்காக அடங்கின பெஞ்சுகளையும் கலைத்துவிடுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

வாரக்கணக்கில் மாமா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று, கடைசியாக வருகிற நீலம் மாங்காய்க் காய்ப்பும் ஓய்கிற சமயத்தில், வாசலில் வந்து நின்றார். வெறுங்கையோடு. எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து அவர் வெறுங்கையோடு இந்தப் படி ஏறிப் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபிறகு கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முட்டியில் வைத்தார், எடுத்தார், துண்டைப் பிடித்துக்கொண்டார்.

"கால் எப்படி இருக்கு, பாப்பா?"

"ஓரம் காய்ஞ்சிருக்கு மாமா. நடுவுல இன்னும் ஈரம்."

"ம்."

கிரேஸ் காபி கொண்டுவந்தாள். என் டம்ளரைக் காட்டி, "எனக்கும் அவளுது மாதிரியே குடும்மா" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதை எப்படிக் குடிக்கிறே?"

"முதல்ல அழுதுக்கிட்டுதான் குடிச்சேன்."

பாதி டம்ளர்வரை குடித்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்கு நான் என்ன சொல்லட்டும் அக்கா? நீயே சொல்லு. மீதிக் காபியையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா விரலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். விரலைக் காப்பாற்றிவிடுவேன் என்று உனக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அது என் கையில் இல்லை. என் கையில் இருப்பது கரண்டி மட்டும்தான். இன்று ராத்திரி எலுமிச்சை அளவு களி, நிறைய கீரை, வேறு எதுவும் இல்லை. யார் முகம் சுருங்கினாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்த ஒரு ராத்திரிக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளை ராத்திரிக்கு நாளைக்கே மறுபடி தருகிறேன்.

நீ சொல்லாமல் விட்டதை உனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிற,
உன் கூடப்பிறந்த பாப்பா.