அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

1 பிப்ரவரி 1974, வெள்ளி

சென்னையிலிருந்து சத்தியநேசன் கடிதம். அண்ணன் மகன், பொறியாளன், எனக்கு எழுதும்போதும் டெண்டர் எழுதுவதுபோலவே எழுதுகிறான். பதினாறாம் தேதி வந்து என்னைச் சாமான்களோடு அழைத்துப் போகிறானாம். “ராஜபாய் அத்தை, அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” அடிக்கோடு வேறு.

பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு பெயரும் வரவில்லை. முப்பத்தொரு ஆண்டாக மலையாளச் சீமையில் கல்லூரி, நூலகம், இந்த வழுதக்காட்டு வீடு. உடன் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் கல்லறையில். மீதிப்பேர் மகன்கள் வீட்டில். எது மேல் என்று தெரியவில்லை.

2, சனி

இரும்புப் பெட்டி வாங்கியாயிற்று. வாசலில் காய்கறிக்காரி. பதினொரு ஆண்டாகப் புதனும் சனியும் வருகிறாள். “டீச்சரே, நல்ல பயறுண்டு.” மலையாளத்தில் பேரம் பேசினேன், மலையாளத்திலேயே தோற்றேன்.

4, திங்கள்

சென்னையில் எவராவது இவ்வூரைப் பற்றிக் கேட்டால், வரலாற்று ஆசிரியையான நான் பதினெட்டாம் நூற்றாண்டைத்தான் சொல்ல முடியும். வெட்கம். கிழக்கேகோட்டையில் முதலில் நின்ற பஸ்ஸில் ஏறினேன். “எவிடேக்கு?” என்றார் கண்டக்டர். இது எங்கே போய் நிற்குமோ அங்கே என்றேன். ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டுச் சீட்டுக் கிழித்தார்.

சங்குமுகம். கடல் இருந்தது. கடலைவிட, வலைமேல் உட்கார்ந்து சீட்டாடிய மூவர் சுவாரசியம். ஒருவன் ஏமாற்றினான். கண்டுபிடித்துவிட்டேன், சொல்லவில்லை.

5, செவ்வாய்

இன்று பேரூர்க்கடை பஸ். தேநீர் நன்று. காலில் வீக்கம்.

7, வியாழன்

ஆரியசாலைச் சந்து. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டு நின்றேன். அடுத்த காய்கறி மண்டியில் ஒரு பெண் குரல்: “ஏ நயினாரு, அழுகலை அடியில போட்டு நல்லத மேல பரத்தி வச்சிருக்கீரே, எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?” கலப்பில்லாத திருநெல்வேலித் தமிழ். எட்டிப் பார்த்தால் — எங்கள் காய்கறிக்காரி!

“நீ தமிழா?” என்றேன், தமிழில்.

கூடையை நழுவவிட்டாள். “டீச்சரும் தமிழா? எம்மா! பதினோரு வருசமா ரெண்டு பேரும் என்ன கூத்தடிச்சிருக்கோம்!”

தமிழில் பேசினால் ‘பாண்டிக்காரி’ என்று வாசலிலேயே விரட்டுவார்களாம். நானும் அதே சொல்லுக்கு அஞ்சித்தான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டே மலையாளத்தைப் பிழையறக் கற்றேன். அதை அவளிடம் சொன்னேன். வேறெவரிடமும் சொன்னதில்லை. மண்டிக்காரர் நயினார் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவள் பெயர் ஆவுடைத்தாய். கேட்க எனக்குப் பதினொரு ஆண்டு ஆகியிருக்கிறது. படித்தவள்!

9, சனி

தமிழில் அவள் பேரம் இன்னும் கொடூரம். “இத்தன படிச்சும் கத்தரிக்கா பாக்கத் தெரியலியே, டீச்சரம்மா!” சமையலறைவரை வந்து காப்பி குடித்தாள், காப்பியையும் குறை சொன்னாள்.

சத்தியநேசனுக்கு இன்னும் எழுதவில்லை. என்னவென்று எழுத? காய்கறிக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்றா? சிரிப்பான். பெட்டி பாதி நிரம்பிவிட்டது.

16, சனி

காலை ரயிலில் வந்தான், கையில் கயிற்றோடு. பெட்டியைக் கட்டிப் படிவரை தூக்கிவிட்டான். வாசற்கதவைத் திறந்துகொண்டு ஆவுடைத்தாய், கூடையும் முருங்கைக்காயுமாக.

“யாருவே நீரு? டீச்சரம்மா பெட்டியத் தூக்கிட்டு எங்க போறீரு?”

பொறியாளன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“என் அண்ணன் மகன்,” என்றேன். “மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவான்.”

“அத்தை, நான் —”

“முருங்கைக்காய் சாம்பார் பிடிக்குமில்லையா உனக்கு?”

17, ஞாயிறு

புத்தகங்களைத் திரும்ப அடுக்கியாயிற்று. அவன் கொண்டுவந்த கயிறு நல்ல கயிறு. துணி உலர்த்தக் கட்டிக்கொண்டேன். பிற்பகல் விழிஞ்ஞம் பஸ், ஆவுடைத்தாயோடு. சன்னலோரம் எனக்குத்தான் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறேன். கேட்கமாட்டாள்.