மன்சூன் ஃபோரில் நான்காவது ஆள்

மேல் டிவிசன்,
பெல்மதுளை.
09.08.2009

அன்புள்ள கிருஷ்ணராஜுக்கு,

சசி எழுதுகிறேன். உறையின் பின்பக்கத்தில் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் நீ பிரிக்காமலே வைத்துவிடுவாய் என்ற பயம்தான். சுகமாக இருக்கிறாயா? பத்து வருடம் கழித்துக் கேட்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. விலாசத்தோடு உன் டோஹா நம்பரையும் உன் தங்கை சுமித்ரா கொடுத்தாள். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீ போனை வைத்துவிடுவாய். இதைக் கிழிப்பதென்றாலும் அடுத்த பந்தியைப் படித்துவிட்டுக் கிழி.

உன் அப்பா மூன்று வாரமாக இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உன் தங்கை உன்னிடம் காய்ச்சல், சளி என்றுதான் சொல்லியிருக்கிறாள். அண்ணன் தனியாக இருந்து பயந்துபோவான் என்று பாதியை மறைத்துவிட்டாள். நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறது. இரண்டு தரம் எடுத்தார்கள், திரும்பவும் கட்டுகிறது. பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டொக்டர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார். அதைச் சுமித்ராவிடம் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ அனுப்புவது மாதாமாதம் வருகிறது, மருந்துக்கும் பழத்துக்கும் ஒரு குறையும் இல்லை. அவர் கேட்பது உன்னைத்தான். "சசி இருக்கிற தோட்டத்துல கால் வைக்க மாட்டேன்" என்று நீ சொன்னதையும் சுமித்ரா ஒருநாள் கோபத்தில் என்னிடம் கொட்டிவிட்டாள். நீ சொன்னதில் பிழை இல்லை. என்மேல் நீ வைத்த வைராக்கியத்துக்கு அந்த மனிதர் தண்டனை அனுபவிக்கிறாரே என்பதுதான் என் கவலை.

இங்கே ஓயாத மழை. போன மாதத்தில் ஒன்பது நாள்தான் ரப்பர் பால் வெட்டினார்கள். நாம் வாசித்துப் பழகிய பழைய ரப்பர் புகைக்கூடத்தின் கூரை போன வருடக் காற்றில் போய்விட்டது. நம் பேண்டு ஆட்களில் ஜதீஸ்வரன் லண்டனில் இருக்கிறான், கீபோர்டைத் தொடுவதே இல்லையாம். புவாட் பெல்மதுளைச் சந்தியில் போன் கடை வைத்திருக்கிறான். நான் இதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தொப்பை வைத்துவிட்டது, கிட்டாரை மாட்டினால் அது வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை வார்டில் உன் அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். "தம்பி, எம் மவன் அந்த இங்கிலீசு கொட்டு அடிக்கிறத நான் ஒரு தடவகூடக் கேக்கலீங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து வருடம் ஊர் ஊராக வாசித்திருக்கிறோம், நம்முடைய தோட்டத்துக் கிளப்பிலேயே மூன்று தரம் வாசித்திருக்கிறோம். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அங்க கதிரையில ஐயாமாரு உக்காந்திருப்பாங்க. நான் எங்கங்க நிக்கிறது?" என்றார். டிக்கெட் விற்றதே நான்தான். உன் வீட்டுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் புவாட்டிடம் சொல்லி ஒரு பழைய கசெட் பிளேயரைத் தேடி எடுத்தோம். நம் பேண்டு மன்சூன் ஃபோரின் கசெட் என்னிடம் இருந்தது. அதன் அட்டை உனக்கு நினைவிருக்கும். பெயரில் நான்கு, படத்தில் மூன்று பேர். பின்னால் நின்ற உன்மேல் என் கிட்டாரின் கழுத்து விழுந்து முகம் மறைந்துவிட்டது. படக்காரர் இன்னொரு படம் எடுக்கலாம் என்றார். என் முகம் அதில் நன்றாக விழுந்திருக்கிறது, இதுவே போதும் என்று நான்தான் சொன்னேன்.

கட்டில் ஓரத்தில் பிளேயரை வைத்துப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பாட்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பாடுறது நல்லாக் கேக்குதுங்க. நம்ம பய எங்கங்க இருக்கான் இதுல?" என்றார். நான் சத்தத்தைக் கூட்டினேன். "டிகக் அடு கரன்ட", கொஞ்சம் குறையுங்கள் என்று நர்ஸ் மிஸி வந்துவிட்டார். கூட்டியும் பிரயோசனம் இல்லை. கூடியது என் கிட்டார்தான்.

கிருஷ்ணா, நீ அந்தக் கசெட்டில் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஸ்டூடியோவில் நீயும் புவாட்டும் தேத்தண்ணி குடிக்க வெளியே போனபோது, சவுண்ட்காரர் உன் டிரம்ஸை முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார். இந்தப் பையன்தான் உங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போகிறான் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. டிரம்ஸைக் குறைத்துக் கிட்டாரைக் கூட்டச் சொன்னேன். நீ திரும்பி வந்து கேட்டுவிட்டு, "நல்லாருக்கு மச்சான்" என்றாய். மெஷின் அப்படி, என்ன செய்வது என்று நான் பொய் சொன்னேன். பதினொரு வருடமாக அந்தப் பொய்யோடு இருக்கிறேன்.

சவுண்ட்காரர் சொன்னது உண்மை. நான் அவசரக்காரன், இரண்டாவது வரியிலேயே ஓட ஆரம்பித்துவிடுவேன். நீ பின்னால் இருந்து பிடித்து நிறுத்துவாய், யாருக்கும் தெரியாமல். கஹவத்தைக் கார்னிவலில் மத்தியானம் கரண்ட் போனதே, கிட்டாரும் கீபோர்டும் செத்துப் போய் நாங்கள் மூவரும் முழித்துக்கொண்டு நின்றோம். நீ மட்டும் நிறுத்தாமல் பத்து நிமிடம் அடித்தாய். மழைக்கு ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். கரண்ட் வந்ததும் நான் மைக்கைப் பிடித்துக் கும்பிட்டேன், கைதட்டல் எனக்கு வந்தது. பத்திரிகையில் 'பாடகர் சசியின் குழு' என்று போட்டான். அந்தத் துண்டை வெட்டி என் கிட்டார் பெட்டியில் ஒட்டியதும் நீதான்.

இன்னொன்றும் இருக்கிறது. திரும்பி வரும்போது வேன் தோட்டத்துப் போர்டைத் தாண்டும்வரை நான் உனக்கு மச்சான். தாண்டியதும் நீ "வாங்க, போங்க" என்று மாறிவிடுவாய். அப்படிப் பேசாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கங்காணி வீட்டுப் பிள்ளைக்கு அது பிடித்திருந்தது.

அதன் பலன்தான் என் அப்பாவின் சாவு வீடு. தோட்டத்தில் சாவு என்றால் தப்படிக்க உன் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது பழக்கம், அன்றும் பெரியப்பா ஆள் அனுப்பினார். உன் அப்பாவுக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாக நீ வந்தாய். பந்தலில் புவாட்டும் ஜதீஸ்வரனும் கதிரையில் இருந்தார்கள். நீ வெறுங்காலோடு வாசலில் நின்றாய். என் கிட்டே நின்று அழ வந்தவன் நீ என்று உன் முகத்திலேயே தெரிந்தது. வெற்றிலையும் துண்டும் கொடு என்றார் பெரியப்பா. என் அப்பா உன் அப்பாவுக்கு எப்படிக் கொடுப்பாரோ, அப்படியே நான் உன் முன்னால் தரையில் வைத்தேன்.

கையில் கொடுத்திருக்கலாம். இரண்டடி தூரம்தான். முதல்நாள்தான் பெல்மதுளையில் ஒரே தட்டில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். பெரியப்பா பார்த்தார், சொந்தக்காரர்கள் நின்றார்கள் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். தரையில் வை என்று யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. நீ குனிந்து எடுத்தாய், துண்டைத் தோளில் போட்டாய், மயானம்வரை ஒரு அடி பிசகாமல் அடித்தாய். நான்காம் நாள் கொழும்புக்குப் போய்விட்டாய் என்று புவாட் வந்து சொன்னான். அன்றைக்கே உன் பின்னால் வந்திருக்க வேண்டும். ரோசம் எனக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டேன். அது ரோசம் இல்லை, பயம்.

உன் அப்பாவிடம் கசெட் விஷயத்தைச் சொன்னேன். குறைக்கச் சொன்னது நான்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அவன் வந்தான்னா இந்தக் கட்டில் சட்டத்துல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார்.

கம்பனியில் எப்படியாவது லீவு கேள். அப்பாவுக்கு முடியவில்லை என்று காட்ட டொக்டரின் கடிதம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். நான் வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அரநாயக்கவில் அக்கா ஷாமிளா வீட்டில் இருப்பேன். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன். சுமித்ராவுக்குத் துணையாக நிற்பதாகப் புவாட் சொல்லியிருக்கிறான். நீ தோட்டத்துக்கு வந்தால் ரோட்டிலோ காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்திலோ என் முகத்தைப் பார்க்க வேண்டி வராது. பயப்படாமல் வா.

அவர் எழுந்து உட்கார வேண்டும், நீ அடிப்பதைக் காதாரக் கேட்க வேண்டும். நான் கும்பிடுகிற சாமியிடம் கேட்பது அதைத்தான். அதற்கு மாறாக ஏதாவது நடந்தால், நீ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், அரநாயக்கவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் யாரும் உங்கள் வீட்டார் பாடைக்கு இதுவரை தோள் கொடுத்ததில்லை. எனக்கு அந்த இடத்தைத் தர வேண்டும் என்று கேட்கிறேன். நீ சொல்லி அனுப்பாவிட்டால் வரமாட்டேன், குறையும் சொல்லமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா.

இப்படிக்கு,
கிருஷ்ணராஜின் பேண்டில் பாடியவன்,
சசி