சிங்கம் இருக்கும் பக்கம்

என்கர்னாசியோன், பராகுவே,
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள வில்பிரிதோ,

நானும் மகளும் சுகம். கடையும் சுகம். புவனோஸ் ஐரிஸில் குளிர் தொடங்கியிருக்குமே, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சிமெண்ட் மூட்டையைக் குனிந்து தூக்காதே. சொன்னால் கேட்கிற ஆளா நீ!

சுதந்திர தினம் நெருங்குவதால் கடையில் கொடி வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. அதில் ஒரு கூத்து. புது மொத்த வியாபாரி அனுப்பிய கட்டைப் பிரித்தால், எல்லாக் கொடியிலும் இரண்டு பக்கமும் நட்சத்திரம். பின்பக்கம் இருக்க வேண்டிய சிங்கத்தைக் காணோம், அதன் பக்கத்தில் கழியில் மாட்டிய சிவப்புத் தொப்பியையும் காணோம். ஃபோனில் பிடித்துக் கேட்டேன். "அக்கா, கம்பத்து உச்சியில பறக்கறதுக்குப் பின்பக்கத்த யாரு பார்க்கப் போறா?" என்று சிரிக்கிறான். "தம்பி, காத்துன்னு ஒண்ணு இருக்கு. அது அடிச்சா ஊரே பார்க்கும். பராகுவே கொடிக்கு ரெண்டு முகம்ப்பா, ஒண்ண மட்டும் வச்சு யார்கிட்ட விக்கச் சொல்ற?" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது இரட்டைத் துணி போட்டு நானே தைக்கிறேன். கண் எரிகிறது, ஆனால் சரக்கு சரியான சரக்கு.

மகளின் ஞானத்தந்தை செசிலியோ உன்னைப் பார்த்துவிட்டு வந்தார். கடையில் உட்கார்ந்து ஜில்லென்று மாத்தே இலைத் தண்ணீர் குடித்துக்கொண்டே கதை அளந்தார். "ராசா மாதிரி இருக்கான் உன் புருஷன். நீ தச்சுக் குடுத்த கொடிய நட்சத்திரம் தெரியற மாதிரி சுவத்துல அடிச்சிருக்கான். பக்கத்து ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, கீழே சுருக்கு வச்சு, அடடா! அந்த மீன் சூப்பு இருக்கே..." என்றார். "யாரு வச்ச சூப்பு?" என்றேன். மனுஷனுக்குப் புரையேறிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து ஓடினார். அவர் வீடு அடுத்த தெரு.

நான் துணி விற்கிறவள், வில்பிரிதோ. தனியாக இருக்கிற ஆம்பளை ஜன்னலுக்குச் சாக்கைத்தான் அடிப்பான். சுருக்கு வைத்த திரை வாங்க அவனுக்குத் தோன்றாது.

கடையை விற்றுவிட்டு இருவரும் அங்கே வந்துவிடுகிறீர்களா என்று போன வருஷம் நீதான் கேட்டாய். இப்போது இன்னும் ஒரு வருஷம் பொறு என்கிறாய். பொறுக்கத் தெரியாதவள் இல்லை நான். எதற்காகப் பொறுக்கிறேன் என்று தெரிந்தால் போதும். மகள் பள்ளிக்கூட ஊர்வலத்தில் கொடி பிடிக்கப் போகிறாள். அப்பா வருவாரா என்று கேட்கிறாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன்.

அந்தக் கொடியைச் சுவரிலிருந்து கழற்று. சிங்கத்தின் பக்கத்தைத்தான் நான் கை நோகத் தைத்தேன். அது சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம். வருவதாக இருந்தால் நீயே எடுத்து வா. இல்லையென்றால் ஒழுங்காக மடித்து யாரிடமாவது கொடுத்தனுப்பு. இரண்டில் எது வந்தாலும் வாசலில் நின்று நானே வாங்கிக்கொள்வேன்.

காகுபே மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். சாரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிறு கட்டிக்கொள்.

சுனில்டா